இரண்டு நிமிட நடை

“இல்ல, நீங்க முதல்ல சொல்லுங்க. எதுக்கு என்னை முந்திட்டுப் போயி, அப்புறம் எனக்கு முன்னாடியே ஆடி அசைஞ்சு நடக்கறீங்க?”

“நானா? நல்லா இருக்கே கதை! நீங்கதாங்க புயல் மாதிரி என்னைத் தாண்டிப் போறீங்க. அப்புறம் பார்த்தா பத்தடி தள்ளி கையை வீசிக்கிட்டு நடந்துட்டு இருக்கீங்க. என்ன, கிண்டலா?”

“கிண்டலா! நாலு தடவை முந்தியிருக்கீங்க. எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“அஞ்சு. நானும் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்.”

ஆமாம், சண்டையேதான்! காலை ஆறே கால் மணி, ஏரியைச் சுற்றிப் போகிற மண் பாதை, தூறலா பனியா என்று தெரியாத ஒரு ஈரம்... நடுவில் இவர்கள் இரண்டு பேர், இடுப்பில் கை வைத்துக்கொண்டு. அவள் கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடி பொருத்துகிறவள். அவன் தலையில் ஒரு நீலத்தொப்பி. யாரென்று தெரியாததால் மனசுக்குள் அவனுக்கு அவள் வைத்த பெயரும் அதுதான்.

“இங்க பாருங்க மிஸ்டர் நீலத்தொப்பி, இன்னொரு தடவை...”

பீப்.

அவள் மணிக்கட்டில் கடிகாரம் அலறியது. அவள் முகம் மாறியது. “ஒரு நிமிஷம்... நான் ஓடணும்” என்றாள். நிஜமாகவே ஓடிவிட்டாள்!

சண்டையை நடுவில் விட்டுவிட்டு ஓடுகிற பெண்ணை அவன் அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பார்த்தான். சரியாக ஒரு நிமிடம். நின்றாள். மூச்சு வாங்க நடக்க ஆரம்பித்தாள். பின்னாலேயே வேக நடையில் அவன் வந்து சேர்ந்தான்.

“ம்... எங்க விட்டோம்?”

“இன்னொரு தடவை என்னை முந்தினீங்கன்னா...”

பீப். இந்த முறை அவன் கை.

“ஸாரிங்க, இப்ப என் முறை” என்று சொல்லிவிட்டு அவன் ஓடினான்.

அவள் நடு வழியில் நின்றாள். நெற்றி சுருங்கியது. பிறகு மெல்ல... உதடு விரிந்தது. ஒரு நிமிடம் ஓடி நின்றவன் திரும்பிப் பார்த்தபோது, அவள் இடுப்புப் பையிலிருந்து மடித்த மஞ்சள் தாள் ஒன்றை எடுத்துத் தலைக்கு மேலே பிடித்திருந்தாள். அவன் தொப்பியைக் கழற்றினான். தொப்பிக்குள்ளிருந்து அதே மஞ்சள் தாள்!

ஒரு நிமிடம் ஓட்டம். இரண்டு நிமிடம் நடை. பத்து சுற்று. முதல் வாரம்.

“பிசியோ மேடமா?”

“பிசியோ மேடமேதான்! உங்களுக்கு என்ன?”

“முழங்கால். உள்ள ஜவ்வு கிழிஞ்சு ஆபரேஷன், எட்டு மாசம். உங்களுக்கு?”

“முழங்காலுக்குக் கீழ இருக்கற எலும்பு. மயிரிழை விரிசல்... ரெண்டு தடவை. பத்து மாசம்.”

“ஐயோ, அதே இடத்துலயா?”

அவள் தலையாட்டினாள். அவன் சிரிக்கவில்லை, ‘அச்சோ பாவம்’ என்றும் சொல்லவில்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது. நனைந்த இமைகளுக்குக் கீழே அந்தக் கண்கள்... இடது கண் வலதைவிட ஒரு நூல் இறங்கியிருந்தது. ‘இவருக்கு ஃப்ரேம் மாட்டினா இடது பக்கம் ஒரு மில்லிமீட்டர் ஏத்தணும்...’ சே, காலங்கார்த்தால என்ன புத்தி இது!

மறுநாள் ஓய்வு. ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் ஓட வேண்டும் என்பது மஞ்சள் தாளின் சட்டம். அதற்கு மறுநாள் இருவரும் ஏரிக்கரை வாசலில் சந்தித்து, கடிகாரத்தை ஒன்றாக அழுத்தினார்கள்.

அவளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? போன வருடம் வரை பத்து கிலோமீட்டர் பந்தயம் என்றால் முதல் மூன்று பேரில் அவள் இருப்பாள். முதல் விரிசல் ஆறினதும், வலிக்கவில்லை என்ற ஒரே தைரியத்தில், முதல் நாளே ஆறு கிலோமீட்டர் ஓடினாள். அதே இடம்... மறுபடி. எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு சொன்னார்: “மூணாவது தடவை ஆச்சுன்னா உள்ள கம்பி வைக்க வேண்டியதுதான்மா. அப்புறம் பந்தயம் எல்லாம் மறந்துடுங்க.” மூன்று மாடி அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கிய அண்ணன் அன்றைக்கே சொல்லிவிட்டான்: “இன்னொரு தடவை அவசரப்பட்டே... ஷூவைக் கொண்டு போய் யாருக்காவது கொடுத்துட்டு வந்துடுவேன்.”

“மூணு மாடியா? லிஃப்ட் இல்லையா?” என்று நீலத்தொப்பி கேட்டான்.

“இருக்கு. ரிப்பேர்.”

அவன் முகம் தொங்கிவிட்டது. “எந்தக் கம்பெனி லிஃப்ட்? சத்தியமா எங்களுது இல்லைன்னு சொல்லுங்க ப்ளீஸ்!”

அவன் லிஃப்ட் மெக்கானிக். அவள் சிரித்த சிரிப்பில் ஏரியிலிருந்து இரண்டு கொக்குகள் எழுந்து பறந்தன.

மஞ்சள் தாளில் இன்னொரு சட்டம் இருந்தது. ஓடும் நிமிடத்தில் பேசக் கூடாது. காலடிச் சத்தத்தைக் கேட்க வேண்டும். இரண்டு காலும் ஒரே மாதிரி விழுகிறதா, ஒன்று மட்டும் பதுங்குகிறதா என்று. அதனால் பேச்செல்லாம் நடக்கும் நிமிடங்களில்தான். பாதி வாக்கியத்தில் பீப் அடித்தால் அப்படியே விட்டுவிட்டு ஓட வேண்டும்!

“எனக்குக் கல்யாணம்...”

பீப்.

அந்த ஒரு நிமிடம் அவள் எந்தக் காலடிச் சத்தத்தையும் கேட்கவில்லை. கல்யாணம்... என்ன? ஆயிடுச்சா? நிச்சயம் பண்ணியாச்சா? குழந்தை இருக்கா? கடவுளே, ஒரு நிமிஷத்துக்கு எத்தனை செகண்ட்!

“...ஆகலைன்னு அம்மாவுக்கு ஒரே கவலை” என்று மூச்சு வாங்க முடித்தான்.

“இதை முதல்லயே முழுசா சொல்றதுக்கு என்ன?” என்று சீறினாள்.

“ஏன் எக்ஸ்பிரஸ், உங்களுக்கு என்ன அவசரம்?”

எக்ஸ்பிரஸ்! பழைய பந்தயக் கதைகளைக் கேட்டதிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறான். அவள் காது சூடாகிவிட்டது...

மூன்றாவது வாரம் வந்தது. இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. அந்த வாரக் கடைசியில் பிசியோ மேடம் அவள் காலைக் கட்டை விரலால் அழுத்திக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் அவள் மூச்சு ஒரு கணம் நின்றது.

“ம்ஹூம். இன்னொரு வாரம் இதேதான்.”

“மேடம், வலியே இல்ல!”

“நான் உன் வாயைக் கேக்கலம்மா, உன் மூஞ்சியைப் பார்த்துட்டேன்.”

நீலத்தொப்பியின் முழங்காலோ சமத்து. நான்காவது வாரத்துக்குப் போனது. அவளுக்கு மறுபடியும் மூன்று. அவன் ஐந்துக்குப் போனான். அவளுக்கு... மறுபடியும் மூன்றேதான்.

ஐந்தாவது வாரம் என்றால் நாலு நிமிடம் ஓட்டம், ஒரே ஒரு நிமிடம் நடை. வாசலில் சேர்ந்துதான் கிளம்புவார்கள். இரண்டாவது நிமிடத்தில் அவள் கடிகாரம் கூவும். அவள் நிற்க, அவன் போய்க்கொண்டே இருப்பான். நீலத்தொப்பி சின்னதாகி, இன்னும் சின்னதாகி, வளைவில் மறைந்துபோகும்.

‘ஒரு காலத்துல நான் வாம்அப் பண்ற வேகம் அது...’ என்று நினைத்துக்கொள்வாள். ‘இப்ப நான் பின்னாடி நின்னு வேடிக்கை பாக்கறேன். அவருக்கு என்ன, இன்னும் ரெண்டு வாரத்துல முழு அரை மணி நேரம் ஓடுவாரு. அப்புறம் என்னோட என்ன வேலை?’

அவனுடைய ஐந்தாவது வாரத்தில் இரண்டே ஓட்டம் முடிந்திருந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் ஒரு காரியம் செய்தாள். யாருக்கும் தெரியாமல் கடிகாரத்தில் மூன்றாவது வாரத்தை அழித்துவிட்டு, ஐந்தாவது வாரத்தைப் போட்டுக்கொண்டாள். அவனுக்குச் சொல்லவில்லை. கூடவே ஓடி ஓர் ஆச்சரியம் கொடுக்கலாம் என்று!

திங்கட்கிழமை. மழை விட்டு, மரங்கள் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தன. கிளம்பினார்கள். ஒரு நிமிடம்... இரண்டு நிமிடம்... பீப் அடித்தது. ஆனால் அவன் கையில்!

அவன் நின்றான். அவள் போய்க்கொண்டே இருந்தாள்.

“எங்க போறீங்க?” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

“நீங்க ஏன் நின்னுட்டீங்க?” என்று அவள் திரும்பாமல் கத்தினாள்.

நாலு நிமிடம் முடிந்து அவள் நடந்தபோது அவன் ஓடி வந்து தாண்டினான். அவன் நடந்தபோது அவள் தாண்டினாள். முதல் நாள் கூத்து மறுபடியும்! ஆனால் மூன்றாவது முறை தாண்டும்போது அவன் சிரிக்கவில்லை. லிஃப்ட் கம்பியில் ஒரு சின்ன உரசல் என்றாலும் கண்டுபிடிக்கிற காது அது.

“நில்லுங்க.”

“ஏன்?”

“உங்க வலது கால் சத்தமே வரல. பதுங்குது. நில்லுங்க ப்ளீஸ்.”

அவள் நின்றாள். நின்ற பிறகுதான் தெரிந்தது... அந்தப் பழைய இடம் விண்விண் என்று தெறித்துக்கொண்டிருந்தது. வியர்வையோடு வேறொரு குளிர்ச்சியும் முதுகில் இறங்கியது. மூணாவது தடவை... கம்பி...

“எத்தனாவது வாரம் ஓடறீங்க?” என்று அவன் கேட்டான். மெதுவாகத்தான் கேட்டான்.

“...அஞ்சு. நீங்க?”

அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். “மூணு.”

“மூணா? உங்களுக்கு அஞ்சுதானே!”

“இறங்கி வந்துட்டேன்.”

“எனக்காகவா?”

அவன் தலையாட்டினான். அவ்வளவுதான்! பயம், வலி, வெட்கம் எல்லாம் சேர்ந்து அவளுக்குள் வெடித்தது.

“பாவம் பார்த்தீங்களா? நொண்டிப் பொண்ணு தனியா நடக்கறாளேன்னு இறங்கி வந்தீங்களாக்கும்! என் கால்தான் உடைஞ்சுது. மத்தபடி நான் யார்கிட்டயும் கையேந்தலை. புரிஞ்சுதா?”

“அப்படி இல்லங்க, நான் சொல்றதைக் கொஞ்சம்...”

“வேண்டாம். ஒண்ணும் சொல்லாதீங்க.”

அவள் நொண்டி நொண்டியே வாசல் வரை போய் டாக்ஸி பிடித்தாள். பிடித்துக்கொள்ள அவன் நீட்டிய கையைத் தொடவே இல்லை.

வீட்டில் அண்ணன் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிட்டான். ஐஸ் பையைத் துண்டில் சுற்றி அவள் காலில் வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்தான்.

“திட்டு” என்றாள்.

“திட்டலை.”

“ஷூவை எடுத்துட்டுப் போ.”

“அதை எடுத்துட்டுப் போயி என்ன பண்றது? உன் பாதம் மாதிரி கோணப் பாதம் வேற யாருக்கு இருக்கு?” என்றான். பிறகு குரல் இறங்கியது. “எதுக்கு குட்டி இந்த அவசரம்? பந்தயம்கூட எதுவும் இல்லையே... யாரைப் பிடிக்க ஓடினே?”

யாரைப் பிடிக்க... அவள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அண்ணன் என்ன நினைத்துக் கேட்டானோ தெரியாது. கேள்வி நேராக இறங்க வேண்டிய இடத்தில் இறங்கிவிட்டது.

மறுநாள் ஸ்கேன். படம் வருகிற வரைக்கும் அந்த நாற்பது நிமிடம் அவள் அண்ணனின் சட்டைக் கையைக் கசக்கி எடுத்துவிட்டாள். டாக்டர் படத்தை இரண்டு முறை பார்த்தார்.

“புது விரிசல் இல்ல. எலும்பு மேல இருக்கற சவ்வுதான் வீங்கியிருக்கு. சரியான நேரத்துல நிறுத்திட்டீங்க, தப்பிச்சீங்க. இன்னும் நாலஞ்சு தடவை இப்படி ஓடியிருந்தா கதையே வேற. ரெண்டு வாரம் ஓட்டமே கிடையாது. நடக்கலாம். அப்புறம் முதல் வாரத்துலேர்ந்து.”

முதல் வாரத்திலிருந்து. வேறொரு நாளாக இருந்தால் அழுதிருப்பாள். அன்றைக்கு, நிறுத்தியது யார் என்பது மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ‘நில்லுங்க ப்ளீஸ்...’

அடுத்த அறையில் பிசியோ மேடம் வேறு: “என்னம்மா நடக்குது உங்களுக்குள்ள? போன வாரம் அந்த லிஃப்ட் தம்பி வந்து, ஷீட்ல பின்னாடி போகலாமான்னு பெர்மிஷன் கேக்கறாரு. இருபது வருஷ சர்வீஸ்ல எல்லாரும் முன்னாடி போகத்தான் கெஞ்சியிருக்காங்க! ஏன்பான்னு கேட்டா, காது வரைக்கும் சிவந்துட்டு எழுந்து போயிட்டாரு.”

அனுமதி கேட்டுவிட்டு இறங்கினானாம். இவள்? கேட்காமல் ஏறினாள்!

மூன்று நாள் போயிற்று. அவன் போன் செய்யவில்லை. ‘ஒண்ணும் சொல்லாதீங்க’ என்று இவள்தானே சொன்னாள்! இவளும் செய்யவில்லை. நம்பரை எடுப்பாள், பார்ப்பாள், வைப்பாள். ரோஷத்தில் மட்டும் விரிசல் விழாது போல!

நான்காம் நாள் மத்தியானம். வெளியே சரியான மழை. கடைக் கண்ணாடியில் தாரை தாரையாகத் தண்ணீர். கதவு திறந்தது. நனைந்த நீலத்தொப்பி!

“கண்ணாடி போடணும்” என்றான் யாரையும் பார்க்காமல். கையில் கண் டாக்டர் சீட்டு. “லிஃப்ட் பேனல்ல இருக்கற சின்ன எழுத்து தெரிய மாட்டேங்குது.”

“உட்காருப்பா” என்றார் முதலாளியம்மா, ஃப்ரேம்களைத் துடைத்துக்கொண்டே. “ஏய், தம்பிக்கு அளவு எடு.”

அளவு என்றால் என்ன தெரியுமா? இரண்டு கண்மணிக்கும் நடுவில் உள்ள தூரம். அதற்கு மெஷின் இருக்கிறது. ஆனால் முதலாளியம்மாவுக்கு ஸ்கேலில்தான் நம்பிக்கை! எதிரெதிரே, ஒரு கை நீளத்தில் உட்கார வேண்டும். அவள் ஒரு கண்ணை மூடிக்கொள்வாள். எதிரில் இருப்பவர் அவளுடைய திறந்த கண்ணையே பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு இருபது பேருக்கு எடுக்கிறாள்... ஸ்கேல் ஒரு நூல்கூட நகர்ந்ததில்லை.

“என் இடது கண்ணையே பாருங்க” என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை.

அவன் பார்த்தான்.

“பேசக் கூடாது. அசையும்.”

“பேசத்தாங்க வந்தேன்.”

ஸ்கேல் நழுவியது. மறுபடி வைத்தாள். “...அப்ப ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. பாவம் பார்க்கலைன்னா, எதுக்கு இறங்கி வந்தீங்க?”

“அஞ்சாவது வாரத்துல எத்தனை நிமிஷம் நடை?”

“ஒண்ணு.”

“மூணாவது வாரத்துல?”

“ரெண்டு.”

“அவ்வளவுதாங்க. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூணாவது வாரத்துல அரை மணி நேரத்துல பாதி நேரம் நடை. பதினஞ்சு நிமிஷம் உங்களோட பேசலாம். அஞ்சாவதுல ஆறே நிமிஷம்... அதுவும் நீங்க பக்கத்துல இல்ல. முழங்கால் நல்லாக நல்லாக உங்களோட பேசற நேரம் குறைஞ்சுக்கிட்டே வருது. நல்லாகுதேன்னு வருத்தப்பட்ட பேஷண்ட் உலகத்துலயே நான் ஒருத்தன்தான் இருப்பேன்.” அவன் கண் அசையவில்லை. “பாவம் எல்லாம் இல்லங்க. பேராசை.”

முதலாளியம்மா இன்னும் அதே ஃப்ரேமைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவள் மூடிய கண்ணைத் திறந்தாள். இரண்டு கண்ணிலும் தண்ணீர்.

“நான் ஏன் ஏறினேன்னு நீங்க கேக்கவே இல்லையே...” என்றாள். “நீங்க முழுசா ஓட ஆரம்பிச்சுட்டா என்னைத் திரும்பிப் பார்ப்பீங்களான்னு பயம். வேகமா ஓடினாத்தான் எனக்கு மரியாதைன்னு இத்தனை வருஷமா நினைச்சுட்டேன். நடக்கறவளை யாருக்குப் பிடிக்கும்?”

“நீங்க வேகமா ஓடி நான் ஒரு நாள்கூடப் பார்த்ததே இல்லையேங்க” என்றான் அவன். “நடந்துதான் பார்த்திருக்கேன். அதுக்கே இந்தப் பாடு.”

ஸ்கேல் கீழேயே விழுந்துவிட்டது. அவள் குனிந்து எடுத்தாள். எடுக்க இவ்வளவு நேரமா? முகத்தைச் சரி செய்துகொள்ள வேண்டாமா, பாவம்! நிமிர்ந்தபோது கடைக்காரிக் குரல் வந்துவிட்டது.

“அன்னைக்கு நான் பேசினது தப்பு. நீங்க நில்லுங்கன்னு சொல்லலைன்னா இந்நேரம் என் காலுக்குள்ள கம்பி இருந்திருக்கும். அதுக்கு ஒரு தேங்க்ஸ். ஆனா ஒரு கண்டிஷன். நீங்க உங்க அஞ்சாவது வாரத்துக்குத் திரும்பிப் போகணும். எனக்காக உங்க முழங்காலை யாரும் காக்க வைக்க வேண்டாம். ஓடற நாள் நீங்க தனியா ஓடுங்க.”

அவன் முகம் வாடியது. “சரி...”

“இன்னும் முடிக்கலை!” அவள் ஸ்கேலை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். “எனக்கு ரெண்டு வாரம் ஓட்டமே கிடையாதாம். நடை மட்டும்தான். ஒரு நாளைக்கு அரை மணி நேரம். நீங்க ஓடாத நாள் எல்லாம் சும்மாதானே இருக்கீங்க? முப்பது நிமிஷமும் நடை... பீப்பே அடிக்காது. நான் நிறையப் பேசுவேன். எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்குங்கறதையே ஒரு பத்து நிமிஷம் சொல்லுவேன். தாங்குவீங்களா?”

ஒரு நூல் கீழே இறங்கிய அவனுடைய அந்த இடது கண்தான் முதலில் சிரித்தது...

“தம்பி, சீக்கிரம் சொல்லித் தொலைப்பா” என்றார் முதலாளியம்மா. “இன்னும் அளவே எடுக்கலை!”

“தாங்குவேங்க” என்றான். “ரெண்டு வாரம் பத்தாது.”

வலி இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்று புளுகி, ரோஷத்தில் டாக்ஸி ஏறி, கடைசியில் கையில் ஸ்கேலோடு நேருக்கு நேர் மனசைச் சொன்னாளே இந்தப் பெண்... எனக்கு இதை எழுதும்போதே கை துறுதுறு என்கிறது! நீங்கள் சொல்லுங்களேன், அவள் இடத்தில் நீங்கள் இருந்திருந்தால், அந்த நாலு நாளைக்கூட வீணாக்காமல் முதல் நாளே அவனுக்குப் போன் பண்ணியிருப்பீர்களா, மாட்டீர்களா?